25 மீட்டர் தரும் பொய்ச் சான்று

சென்ற ஞாயிறு பொம்மனஹள்ளியில் ஒரு தகப்பனார் டார்கெட் தாளோடு வந்தார். மகள் .22 ரைஃபிள் சுடுபவள். பத்துத் தோட்டாவும் சட்டைப் பொத்தான் அளவுக்குள் விழுந்திருந்தன. "25 மீட்டர்ல இப்படி சார். 50க்கு ரெண்டால பெருக்கிக்க வேண்டியதுதானே? இந்த லாட்டையே மொத்தமா வாங்கிடறேன்" என்றார்.

ரேஞ்சுக்கு ரேஞ்ச் இதே நம்பிக்கைதான். பெற்றோரின் பணத்தைக் கரைப்பதும் இதுதான்.

வெளிநாடுகளில் பலர் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். இங்கே உரிமமின்றித் தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டம் இடம் தராது; .22 தோட்டாவை மறுபடி அடைப்பதும் நடைமுறையில் ஆகாது. நம் கையில் இருப்பது லாட் தேர்வு ஒன்றே: ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதிகளில் நம் துப்பாக்கிக்கு ஒத்துப்போவதைப் பொறுக்குவது. அதையும் தப்பான தூரத்தில் செய்கிறோம்.

ஒரு தோட்டா நொடிக்கு 320 மீட்டர் வேகத்திலும் அடுத்தது 310இலும் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் இரண்டாவது சுமார் 2 மி.மீ. தாழ்ந்து விழும். கண்ணுக்கே படாது. 50 மீட்டரில் 4 மி.மீ. அல்ல, சுமார் 8 மி.மீ.! புவியீர்ப்பு இழுக்கும் இறக்கம் நேரத்தின் வர்க்கத்தில் வளர்கிறது; தூரம் இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. 50 மீட்டர் டார்கெட்டில் ஒரு வளையத்தின் அகலமும் அதே 8 மி.மீ.தான். அதாவது ஒரு முழுப் புள்ளி.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியத் துப்பாக்கி வீரர் ஜாய்தீப் கர்மாகர் 1.9 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அவர் தோட்டாவில் குறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு புள்ளி என்றால் என்ன என்று அந்த இடத்தில் நின்றவரைத்தான் கேட்க வேண்டும்.

"கிட்டத்தில் காற்றின் தொல்லை இல்லை, தோட்டாவின் தரம் மட்டும் தெரியும்" என்று வாதிடுகிறார்கள். காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும். வேக வேறுபாடு மேலும் கீழுமாகத் தெரியும். கிட்டத்தில் சுடும்போது மறைந்துபோவது இந்த இரண்டாவது குறைதான். பர்மிங்ஹாமில் தோட்டா தயாரிக்கும் எலே நிறுவனம் வீரரின் துப்பாக்கியை அசையாமல் இறுக்கி லாட்களைச் சோதிப்பதும் 50 மீட்டரில்தான்.

கிட்டத்தில் சுடுவதே வீண் என்பதல்ல. பிடி, மூச்சு, டிரிகர் பழக அது போதும்.

அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன்: நான்கு லாட்டில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்குங்கள். அதிகாலை, காற்று எழும்பும் முன், துப்பாக்கியை மேசைமேல் தாங்கு கொடுத்து வைத்து, 50 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுடச் சொல்லுங்கள். பிறகு ஸ்கேலை நெடுக்காக வைத்து அளந்து பாருங்கள்.