பெட்டரியைக் கொன்றது பிள்ளை இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. ஏ.எல். முடித்த பிள்ளைக்கும் கெம்பஸ் போகும் பிள்ளைக்கும் லெப்டொப் வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

லெப்டொப் ஒரு மணித்தியாலத்தில் அணைந்து போனால் நம்மட வீடுகளில் முதலில் ஏச்சு வாங்குவது பிள்ளைதான். "படம் பார்த்துப் பார்த்தே முடிச்சிட்டான்", "ராப்பகலா போட்டுக் கொளுத்துறாள்". இந்தப் பேச்சு பெரும்பாலும் அநியாயம். பார்க்காமல் வாங்கியது நாம். பார்க்க விடாமல் விற்றது வியாபாரி. பழைய காலத்துப் புத்திமதி சொல்லிக் கெடுத்ததும் பெரியவர்கள்தான். பழி மட்டும் பிள்ளைக்கு.

முதலில் ஒரு உண்மை. பெட்டரி என்பது வாகன டயர் மாதிரி, தேய்ந்துதான் தீரும். சாதாரண லெப்டொப் பெட்டரி ஒன்று ஏறக்குறைய 300 முதல் 500 தடவை முழுமையாக இறங்கி ஏறினால் அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிடும். இன்று பாதி, நாளை பாதி இறங்கினாலும் கணக்கு ஒன்றுதான். வெளிநாட்டுக் கம்பனிகளில் நாலைந்து வருடம் உழைத்துக் கழித்த லெப்டொப்கள்தான் இங்கே "யூஸ்ட்" என்று பளபளவெனத் துடைத்து விற்கப்படுகின்றன. மூடியைத் துடைக்கலாம், பெட்டரியைத் துடைக்க முடியாது.

"பெட்டரி நல்லம் ஹாஜி, மூணு மணித்தியாலம் நிக்கும்" என்று வாயால் சொல்வதை ஏன் நம்புகிறோம்? விண்டோஸ் உள்ள லெப்டொப்பில் பெட்டரி ரிப்போர்ட் எடுக்க முடியும். எடுக்கும் விதத்தை யூடியூப்பில் தேடினால் காட்டித் தருவார்கள், ஐந்து நிமிட வேலை. அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, புதிதாக இருந்தபோது பெட்டரியின் கொள்ளளவு. மற்றது, இன்று முழுதாக ஏற்றினால் எவ்வளவு கொள்ளும் என்பது. முதலாவது 50,000, இரண்டாவது 20,000 என்றால் எஞ்சியிருப்பது 40 வீதம் மட்டுமே. ரிப்போர்ட்டோடு நிற்காமல், சார்ஜரைக் கழற்றி இருபது நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். நூறில் தொடங்கி அறுபதுக்கு வந்தால் முழு ஆயுளும் ஐம்பது நிமிடம்தான். இதற்கு விடாத கடையில் வாங்காதீர்கள்.

அளவை நிறுவையில் குறைக்கக் கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? 40 வீதப் பெட்டரியை "நல்ல பெட்டரி" என்று விற்பது வேறென்ன? அரிசியில் 600 கிராம் குறைந்தால் சண்டை பிடிக்கிறோம். இங்கே கிலோவுக்கு 400 கிராம்தான் கிடைக்கிறது, சலாம் சொல்லிவிட்டு வருகிறோம்.

அடுத்தது புத்திமதிக்காரர்கள். "முதல் நாள் எட்டு மணித்தியாலம் சார்ஜ் போடு", "சைபர் வரை இறக்கிட்டுத்தான் திரும்பப் போடு". இது பழைய நிக்கல் கட்மியம் பெட்டரிக்குச் சொன்னது. 1991 இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயன்தான் இன்று எல்லா லெப்டொப்பிலும் இருக்கிறது. அதற்கு இந்த வைத்தியம் மருந்தல்ல, நோய். தினமும் சைபருக்கு இறக்கினால் சீக்கிரம் தேயும். சைபரில் விட்டு மாதக்கணக்கில் அலுமாரியில் பூட்டினால் திரும்ப உயிர்க்காமலே போகலாம். நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

நாள் முழுக்க ப்ளக்கில் நூறு வீதத்தில் சூடாக நிற்பதும் கூடாது. பல லெப்டொப்களில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். நாளை கரண்ட் கட் என்றாலோ பயணம் என்றாலோ நூறுக்கு ஏற்றுங்கள், தவறில்லை.

பெட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பெட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். நம்மட ஊர் வெயிலுக்குத் தகரத்துக்குக் கீழே, மெத்தைக்கு மேலே, தலையணையில் வைத்துப் பாவித்தால் காற்றுத் துளை அடைபட்டு உள்ளே வேகிறது. பிள்ளைக்கு ஒரு சின்ன மேசை கொடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஃபேனில் அடைந்த தூசியைத் துப்பரவு செய்யுங்கள்.

பெட்டரி தேயாமலே சீக்கிரம் இறங்குவதும் உண்டு. திரை வெளிச்சம் முழுதாக இருப்பது, பின்னால் தேவையில்லாத அப்ளிகேஷன்கள் ஓடுவது, பிரௌசரில் முப்பது பக்கம் திறந்து கிடப்பது. இவற்றைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். அதைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள், ஏச வேண்டாம்.

"பெட்டரி எதுக்கு, ப்ளக்கில வச்சுப் பாவிக்கலாமே" என்பவர்களுக்கு: இருநூறு பேர் இருக்கும் லெக்சர் ஹோலில் எத்தனை ப்ளக் இருக்கும் என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் மறக்க வேண்டாம்.

நன்கொடையாக லெப்டொப் கொடுக்கும் சங்கங்களுக்கும் தனவந்தர்களுக்கும் மரியாதையோடு ஒரு வார்த்தை. உங்கள் நிய்யத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது லெப்டொப்பை மேடையில் அடுக்கிப் படம் எடுப்பதை விட, பெட்டரி பார்த்த பதினைந்தைக் கொடுப்பது மேல். கிடைத்த பிள்ளை "இது நிக்குதில்ல" என்று வாய் திறக்காது. இலவசமாகக் கிடைத்ததில் குறை சொல்கிறாள் என்பீர்கள் என்று அதற்குத் தெரியும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மலிவு விலை டூப்ளிகேட் பெட்டரி போடாதீர்கள். மாற்றுவதென்றால் பில்லில் உத்தரவாதம் எழுதி வாங்குங்கள். மவுஸ் தொடும் இடம் மேலெழும்பினாலோ அடிப்பக்கம் வீங்கினாலோ அன்றோடு நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். குப்பையோடு சேர்த்து வளவில் எரிக்கவே கூடாது, அது வெடித்துத் தீப்பற்றும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரி 18 முதல் இப்படியான சாதனங்களின் பெட்டரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. அங்கே கம்பனியிடம் கேள்வி கேட்கிறார்கள். நாம் கடைக்காரரிடம் "ரிப்போர்ட்டைக் காட்டுங்க" என்று கேட்கவே கூச்சப்படுகிறோம்.

காசு கொடுக்க முதல் கேளுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து, பாடசாலை விட்ட பிறகு என்னிடம் கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்ல ஒரு சதமும் வேண்டாம். அதுவரை பிள்ளைக்கு ஏசுவதை நிறுத்துங்கள்.