ஸ்கேன் செய்தால் நூலகம் ஆகிவிடுமா? - கர்நாடக இசை நோட்டேஷனும் இணையமும்

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிக்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலிசெய்யும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில், பாட்டு சொல்லிக்கொடுத்த தாத்தாவோ பாட்டியோ எழுதிவைத்த நோட்டுகளும் இருக்கும். மங்கிப்போன மையில் ஸ்வரங்கள், ஓரத்தில் பென்சில் திருத்தங்கள். வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்றால், பழைய பேப்பர் கடையில் எடைக்குத்தான் போகும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் ஸ்கேன் குவியல் வேறு, பாடுபவர் தேடி எடுத்துப் பயன்படுத்தும் நூலகம் வேறு.

இந்த ஊருக்கு இது புதிய கனவும் அல்ல. 1893-லேயே சென்னையில் ஏ.எம்.சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேற்கத்திய ஸ்டாஃப் நோட்டேஷனில் அச்சிட்டு வெளியிட்டார். உலகில் எங்கிருப்பவரும் படித்து வாசிக்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் கொடுத்த தூண்டுதலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவும் சேர்ந்து, 1904-ல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் ஸ்வரக் குறிப்போடு உள்ளன. கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகளும் உண்டு. வெறும் ஸ்வரத்தை எழுதினால் அது எலும்புக்கூடு. அசைவையும் எழுதினால்தான் ராகம் தெரியும் என்று அன்றே யோசித்திருக்கிறார் அந்தப் பெரியவர்.

தெலுங்கு எழுத்தில் வந்த அந்த நூலை மியூசிக் அகாடமி தமிழில் கொண்டுவந்தது. பிறகு ஆர்வலர்கள் சிலர் ஆங்கில எழுத்துக்கு மாற்றி, கமகக் குறிகளோடு இணையத்தில் இலவசமாகவே வைத்துவிட்டார்கள். டிஜிட்டல் நோட்டேஷன் நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல மாதிரி அதுதான்.

தமிழில் அப்படிச் செய்வதில் என்ன சிக்கல்? முதலில், ஒரு புள்ளி. மேல் ஸ்தாயி ஸ்வரத்தைக் காட்ட எழுத்தின் தலையில் புள்ளி வைப்பது நம் வழக்கம். ‘ஸ’ மேல் புள்ளி வைத்தால் கணினிக்கு அது ‘ஸ்’ என்ற மெய்யெழுத்து. ‘ரி’, ‘நி’ தலையில் ஏற்கெனவே கொம்பு வளைந்து நிற்பதால் புள்ளிக்கு இடமே இல்லை. இரண்டாம் காலத்துக்கு மேலே போடும் கோடும் டைப் செய்யும்போது காணாமல் போகிறது. கடைசியில் எல்லாரும் படமாக எடுத்து பிடிஎஃப் ஆக்கிவிடுகிறார்கள். படத்துக்குள் ‘நி த ப ம’ என்று தேட முடியுமா?

அதைவிடப் பெரியது பாடாந்தரம். தியாகராஜரின் சிஷ்ய பரம்பரையிலேயே வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று தனித்தனி வழிகள் உண்டு. ஒரே கீர்த்தனையில் சங்கதி மாறும், சில சமயம் ராகமே மாறும். ‘பிரதர்சினி’யில் இருப்பதும் இன்று மேடையில் கேட்பதும் பல இடங்களில் ஒத்துப்போகாது. இதில் எது சரி என்று தீர்ப்பு சொல்லி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் நூலகம், மற்றவற்றை அழித்துவிடும். யார் நோட்டு, யாரிடம் பாடம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற மூன்று தகவலோடு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே முறை. வாட்ஸ்அப்பில் சுற்றும் நோட்டேஷன்களில் பெரும்பாலும் இந்த மூன்றுமே இருக்காது.

அடுத்தது சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1847-ல் மறைந்த தியாகராஜரைப் பற்றிக் கவலை இல்லை. 1945-ல் காலமான ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், தம் வாழ்நாளில் வெளியிட்டவையும் பொதுச்சொத்து. ஆனால் 2013-ல் காலமான லால்குடி ஜெயராமனின் வர்ணங்களும் தில்லானாக்களும் 2073 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. கீர்த்தனை தியாகராஜருடையதாகவே இருந்தாலும், அதற்கு ஸ்வரம் எழுதிப் பதிப்பித்தவர் தன் உழைப்புக்குத் தனி உரிமை கோரலாம். இதில் ஒரு வேடிக்கை: 1994 திருத்தம் வரை, எழுதிவைக்கப்பட்டால்தான் அது ‘இசைப் படைப்பு’ என்றது நம் சட்டம். காதால் கேட்டுக் கற்ற ஒரு மரபுக்கு!

உரிமையைச் சரிபார்க்காமல் கடையைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. கனடாவில் ஓர் இசை மாணவர் 2006-ல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி தளம்தான் இன்று மேற்கத்திய இசைக் குறிப்புகளுக்கு எல்லாரும் போகும் இடம். 2007 அக்டோபரில் வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் அனுப்பிய நோட்டீஸால் அது மூடப்பட்டது. கனடாவில் உரிமைக்காலம் அப்போது 50 ஆண்டு, ஐரோப்பாவில் 70. அதுதான் தகராறு. ஒவ்வொரு பதிவுக்கும் உரிமை நிலையைக் குறித்துவைக்கும் ஏற்பாட்டோடு 2008-ல் மறுபடி திறந்தார்கள்.

சென்னையில் இதைச் செய்ய புதிதாகக் கட்டிடம் எதுவும் தேவையில்லை. மியூசிக் அகாடமியிடம் இசை அறிவும் நூல்களும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் பழைய தாள்களை மின்னாக்கம் செய்த அனுபவம் இருக்கிறது. இவர்கள் ஒரே பட்டியல் முறையில், ராகம், தாளம், மூலம், பாடாந்தரம், உரிமை என்று பதிவுசெய்ய ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரு பொதுவான டைப்பிங் முறையைப் பல்கலைக்கழக மாணவர்களே எழுதிவிடலாம்.

மீதிப் பாதி வீடுகளில் இருக்கிறது. வித்வான்களின் குடும்பங்கள் நோட்டைக் கொடுக்கத் தயங்குவது பேராசையால் அல்ல. கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம்தான். ஆகவே நோட்டை வாங்கிக்கொண்டு போகாமல், ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போக வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து படம் எடுத்து, மூலத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, அந்த வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால் ஒன்றிரண்டு பாட்டை அவர் குரலிலேயே பதிவுசெய்துகொண்டு வர வேண்டும். எழுத்தில் விழாத கமகம் அதில் கிடைக்கும்.