ஒரே திறவுகோல்

கோட்டையின் பெயர் தாங்கிய புதுக்கோட்டையில் வாழும் நமக்கு வாயிற்காவலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கப்பல் கம்பெனிகளில் உத்தியோகம் நாடும் நம் மாணவர் அங்கே ஒரு புது வாயிலைக் காண்பர். சரக்குக் கணக்கு, மாலுமிகள் பட்டியல், கடிதப் போக்குவரத்து முதலிய கணினி ஏற்பாடுகள் யாவற்றிலும் ஊழியர் ஒரே கடவுச்சொல்லால் நுழைவர். பல சொற்களை மனத்திற்கொள்ள மாட்டாது தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைப்பதினும் இது நன்றே. ஒருவர் வேலையினின்று விலகின், அவரது அனுமதியை ஓரிடத்திலேயே நீக்கிவிடலாம்.

ஆயினும், அவ்வாயிலே அழிந்துபடின் செய்வது யாது? 2017 ஜூன் 27-ஆம் நாள் டென்மார்க்கு தேசத்து மெர்ஸ்க் கம்பெனிக்கு இது நேர்ந்தது. நாட்பெட்யா என்னும் தீநிரல், ஊழியரை இன்னாரென்று சோதித்து உள்ளே விடும் கணினிகளை ஒருங்கே பாழாக்கிற்று. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் ஒரு முனையம் ஸ்தம்பித்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் புதிதாய் அமைக்கலாயினர். ஆனால் ஊழியரை அறியும் அப்பதிவேட்டுக்கோ எங்கும் பிரதியில்லை. கானாவில் மின்சாரம் தடைப்பட்டமையால் அணைந்துகிடந்த கணினியொன்று மாத்திரம் தப்பிற்று. (மின்தடையை வைதே பழகிய நாம் இங்கு அதனை வாழ்த்தவேண்டியதாயிற்று!) அதிலிருந்த பிரதியை விமானமேற்றி, நைஜீரியா வழியாய் இங்கிலாந்து சேர்த்தனர்.

இத்தகைய பிரதியொன்று, தற்செயலாலன்றி முன்னேற்பாட்டால், வலைத்தொடர்பின்றித் தனித்து வைக்கப்படுமளவும் ஒற்றைத் திறவுகோலை எக்கப்பல் கம்பெனியும் மேற்கொள்ளலாகாதென்பதே நமது துணிபு.