சாமந்திக்கு விளக்கு வைக்கலாம்... ஷாக் வைக்கலாமா?



தொப்பூர் கணவாயைத் தாண்டி நம்ம நல்லம்பள்ளிப் பக்கம் வருகிறவர்கள் சாமந்தித் தோட்டத்தைப் பார்க்காமல் போக முடியாது. அந்தச் சாமந்திக்கு ஒரு குணம் உண்டு. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நடுராத்திரியில் சில மணி நேரம் வெளிச்சம் காட்டினால் செடி ஏமாந்துபோய் இலையும் தண்டுமாகவே வளரும். விளக்கை நிறுத்தினால் மொட்டு வரும். பண்டிகைக்குச் சரியாகப் பூவைக் கொண்டுவர இதுதான் சூட்சுமம். 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு, இன்று நம்ம ஊர்த் தோட்டத்துக்கும் பொருந்துகிறது!

குண்டு பல்பு 60 வாட் இழுத்த இடத்தில் எல்.இ.டி. 9 வாட்டில் வேலையை முடிக்கிறது. அதிலும் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி என்றால் செடிக்கு ரொம்ப இஷ்டம். உடனே நம்மில் பலருக்குக் கை பரபரக்கும். 'நாமே செஞ்சிடலாம்டா' என்று ஒரு கெப்பாசிட்டர், நாலு டயோடு, ஒரு எல்.இ.டி. தகடு... சர்க்யூட் ரெடி.

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. டிரான்ஸ்பார்மர் இல்லாத அந்தச் சர்க்யூட்டில் எல்.இ.டி.யின் காலும் 230 வோல்ட் லைனும் ஒன்றுதான். வீட்டுக் கூரையில் தொங்கினால் சரி. பாத்தியில் தண்ணீர், இலையில் பனி, விடியற்காலையில் வெறுங்காலோடு பூப்பறிக்க வரும் அக்காமார்கள்... அங்கே மூங்கில் கம்பில் டேப் சுற்றிய ஜாயின்ட்டைத் தொங்கவிடலாமா? 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே வயலின் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. அது திருட்டு வேலி, இது விளக்கு என்பீர்கள். ஈர மண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே!

'சரி, 12 வோல்ட்டில் ஓட்டுவோம்' என்றால் அடுத்த வம்பு. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர். 50 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போனால், போக வர 100 மீட்டர், சுமார் 1.2 ஓம். ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள்: 6 வோல்ட் கம்பியிலேயே காலி! அதே 60 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 1.25 ஆம்பியர்தான், இழப்பு ஒன்றரை வோல்ட். தொட்டாலும் ஆபத்து மிகக் குறைவு.

ஆகவே என் கட்சி 48 வோல்ட். 1 வாட் வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் என்பதால் 14 எண்ணத்தைச் சீரிஸில் கட்டலாம். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிக் கரன்ட் ரெகுலேட்டர், 300 மில்லிஆம்பியர். வரிசைகளைச் சும்மா பேரலலில் இணைத்தால் ஒன்று அதிகமாகக் குடித்துச் சூடாகி, பிறகு மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். முதுகில் அலுமினியத் தகடு வேண்டும். இன்புட்டும் அவுட்புட்டும் பிரிந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று மோட்டார் கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும்; அதற்கு முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த்.

'தம்பி, இதுக்கெல்லாம் செலவாகுமே?' என்று தோட்டக்காரர் கேட்பார். ஆகும்தான். கெப்பாசிட்டர் சர்க்யூட்டைவிடக் கூடவே ஆகும். ஆனால் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரெடிமேட் கிட் வாங்கி, வைவா முடிந்ததும் பரண்மேல் போடுகிறோமே, அந்தப் பணத்தில் ஒரு பாத்திக்கு இதைச் செய்து பார்க்கலாம். எலெக்ட்ரிகல்காரன் கம்பியைப் பார்க்கட்டும், எலெக்ட்ரானிக்ஸ்காரன் ரெகுலேட்டரைப் பார்க்கட்டும். தோட்டத்துக்கு நம்மில் யாருக்கும் பஞ்சமில்லை.