துணை என்ஜினுக்கும் தனி எண் வேண்டும்

காரைக்கால்மேட்டுக்குத் தெற்கே, வாஞ்சூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி சரக்கு ரயிலேறி நாகூர் வழியே உள்நாட்டுக்குப் போகிறது. இத்தகைய பாரவண்டிகளுக்கு இரண்டு டீசல் என்ஜின்களைச் சேர்த்துப் பூட்டுவது இந்திய ரயில்வேயில் நெடுநாள் வழக்கம். முன் என்ஜினில் லோகோ பைலட் கைப்பிடியைத் திருப்பினால், இடையே ஓடும் மின்கம்பிகள் வழியாகப் பின் என்ஜினும் அதே கட்டளைக்குப் பணியும். ஆனாலும் இரண்டின் பக்கவாட்டிலும் வெவ்வேறு ஐந்திலக்க எண்களே எழுதப்பட்டிருக்கும். ஷெட்டுக்குத் திரும்பினால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பராமரிப்பு. அடுத்த பயணத்தில் துணையே மாறிவிடலாம். ஜோடி சேர்வது அன்றைய வேலை. எண்ணோ அந்த என்ஜினோடு நெடுங்காலம் வருவது. மாதிரி ரயில் அமைப்போர் தங்கள் துணை என்ஜின்களுக்கு எண் கொடுக்கும்போதும் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

மாதிரி ரயிலில் இப்போது பரவலாக உள்ளது ‘டிசிசி’ எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாடு. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை 1990-களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் தரநிலையாக்கியது. தண்டவாளம் முழுவதும் ஒரே மின்சாரம்தான். அதிலேயே கட்டளைகளும் ஓடுகின்றன. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் இருக்கும் டிகோடர், தன் முகவரி எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். ஓட்டுநர் அறையே இல்லாத துணை என்ஜினுக்கு எந்த எண்ணைத் தருவது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. தலைமை என்ஜினின் எண்ணையே இதற்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஓடுமே, எதற்கு இன்னொரு எண் என்பார்கள். வீட்டில் ஒரே ஒரு ஜோடி வைத்திருப்பவருக்கு அது எளிதுதான். ஆனால் ஒரே தொழிற்சாலையில் செய்த இரு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. ஒன்று தள்ள, மற்றது இழுபடும். ஓடும் பாதையில் வைத்து ஒன்றின் வேகத்தைத் திருத்த நினைத்தால், எண் பொதுவாக இருப்பதால் திருத்தம் இரண்டுக்கும் போய்ச் சேரும். வித்தியாசம் அப்படியே நிற்கும். பழுது வந்தாலும் எது பழுது என்று கேட்டறிய வழியில்லை. தரநிலையே இதற்கு வழி வைத்திருக்கிறது. என்ஜின் தன் சொந்த எண்ணை வைத்துக்கொள்ளும். டிகோடரின் 19-ஆம் அமைப்பில் 1 முதல் 127 வரை, ஜோடிக்குப் பொதுவான ஒரு கூட்டு எண்ணைத் தனியே எழுதலாம். பின்பக்கமாகப் பூட்டப்பட்டிருந்தால் அதனோடு 128-ஐக் கூட்டினால் போதும். ஜோடி கலைந்ததும் பூஜ்யம் எழுதினால் சொந்த எண் மீண்டும் ஆள வந்துவிடும்.

அசலிலேயே பொது எண்தானே இருந்தது என்ற மறுப்பு வலுவானது. 1939-இல் அமெரிக்காவின் எலெக்ட்ரோ மோட்டிவ் காட்சிக்கு ஓட்டிய எஃப்டி டீசல், நான்கு பகுதிகள் சேர்ந்த 5400 குதிரைத்திறன் தொகுப்பு. நடுவிலிருந்த இரண்டுக்கும் ஓட்டுநர் அறை கிடையாது. தொகுப்பு முழுவதற்கும் 103 என்ற ஒரே எண். பிறகு அதே வகைத் தொகுப்பை வாங்கிய சாண்டா ஃபே ரயில்வே 100 என்று எழுதி, பகுதிகளை எல், ஏ, பி, சி என்ற எழுத்துகளால் பிரித்தது. இப்படிப்பட்ட எண்முறைக்குப் பின்னால் இருந்தது பொறியியல் அல்ல. தனி எண் கொடுத்தால் தனி என்ஜின் ஆகும், தனி என்ஜினுக்குத் தனி ஓட்டுநர் குழு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கும் என்ற நிர்வாகங்களின் அச்சம். அந்த அச்சத்திலும் எழுத்தையாவது சேர்க்காமல் வேலை ஓடவில்லை என்பதே என் கட்சிக்குச் சான்று. டிசிசி முகவரியில் எழுத்துக்கு இடமில்லை. ஆகவே அந்த எழுத்தின் வேலையையும் இலக்கமே செய்தாக வேண்டும்.

ஒரே எண் நியாயமாகும் இடமும் உண்டு. மாதேபுராவில் தயாராகி 2020-இல் ஓடத் தொடங்கிய 12000 குதிரைத்திறன் மின் என்ஜின் டபிள்யூஏஜி-12பி, இரட்டை உடல் கொண்டது, எண் ஒன்றுதான். அந்த இரு பாதிகளும் ஒன்றாகவே ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. பிரியாததற்கு ஒரு எண் போதும், பிரியக்கூடியதற்குப் போதாது. காரைக்கால்மேட்டுக் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஃபைபர் படகுக்கு ஒரு பதிவு எண், அதில் மாட்டிய என்ஜினுக்கு வேறு எண். என்ஜினைக் கழற்றி அடுத்த படகில் மாட்டினாலும் இரண்டு எண்களும் மாறுவதில்லை.

நம் என்ஜின்களை மாதிரியாகச் செய்வோருக்கு இன்னொரு சிக்கல். டிசிசி முகவரி 10239-ஐத் தாண்டாது. பல கருவிகள் 9999-இலேயே நின்றுவிடும். வாராணசியில் 1964-இல் உருவான முதல் டபிள்யூடிஎம்-2 ‘குந்தன்’, எண் 18040. அதை முழுதாக எழுத முடியாது. முதல் இலக்கத்தை விட்டு 8040 என்று வைப்பது சரி. ஆனால் அதே விதியை 40015, 70015 ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் இரண்டும் 0015 ஆகி மோதும். அங்கே இரண்டாம் இலக்கமான பூஜ்யத்தை விட்டு 4015, 7015 என்று வைக்கலாம். அப்போதும் 14015 வந்து 4015-ஓடு மோதும். ஐந்து இலக்கத்தை நான்கில் அடைக்கும் எந்த விதியும் எங்காவது இடிக்கத்தான் செய்யும். அதனால் பல பேர் சேர்ந்து ஓட்டும் இடத்தில் ஒரு நோட்டு வேண்டும். என்ஜின்மேல் எழுதிய எண், டிகோடரில் எழுதிய எண், தற்போதைய கூட்டு எண், அது எழுதப்பட்ட தேதி என நான்கு பத்திகள் போதும். துணை என்ஜினுக்கும் அதில் தனி வரி.