கம்பிக்குக் கீழே சும்மா கிடக்கிற நிலம்

தோட்டம் செய்யிறது அப்பம்மாக்களின் வேலை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். சொல்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர். "எங்கட சாப்பாடு, எங்கட அடையாளம்" என்று படம் போடுவார்கள். வெண்டிப் பூ என்ன நிறம் என்று கேட்டால் போனை எடுப்பார்கள்.

வெக்ஸ்போர்ட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மின்கோபுரங்களைத் தெரியும். ஸ்காபுரோவை ஊடறுத்து 16 கிலோமீற்றர் ஓடுகிற தடம், எங்கள் பகுதிக்குள்ளாலும் போகிறது. பல காலமாக அதன் பெரும்பகுதியில் நடந்த ஒரே விவசாயம் புல்லு வளர்ப்பதும் அதை வெட்டுவதும்தான். முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் பாலை என்று தமிழ் வகுப்பில் படித்தோமே. இந்தப் பாலையைச் செய்தது வெயில் இல்லை, புல்வெட்டும் மெசின்.

2018இல் மெடோவே திட்டம் அறிவிக்கப்பட்டது. வெட்டிய புல்லுக்குப் பதிலாக இந்த மண்ணுக்குரிய காட்டுப்பூக்களை விதைக்கிறார்கள். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு இவ்வளவு இடம் கண்டுபிடித்த நகரம், பல்கனியில் வாளிக்குள் மிளகாய் வைக்கிற ஆச்சிக்கு இன்னும் கொஞ்சம் கண்டுபிடித்தால் என்ன?

கம்பிக்குக் கீழே மரம் வைக்க விடமாட்டார்கள் என்பார்கள். உயர்ந்து வளர்கிற மரத்தை விடமாட்டார்கள், அது சரி. கத்தரி கம்பியைத் தொடுமா? மால்வேர்னில் இதே மாதிரிக் கம்பிகளுக்குக் கீழேதான் நகரப் பண்ணை நடக்கிறது.

குளிருக்கு எங்கட மரக்கறி வராது என்பது அடுத்த கதை. நயாகராப் பக்கம் உள்ள வைன்லாந்து ஆராய்ச்சி நிலையம் வெண்டியையும் கத்தரியையும் ஒன்ராறியோ மண்ணில் வளர்த்துப் பார்த்திருக்கிறது. வீட்டுக்குள் நாற்றுப் போட்டு, விக்டோரியா தினம் கழிய வெளியே நட்டால் பாகலும் பந்தலில் ஏறும். முருங்கை மட்டும் தப்பாது. கறிவேப்பிலையைப் பிள்ளை மாதிரி உள்ளே தூக்கி வைக்க வேணும்.

உண்மையான தட்டுப்பாடு ஆட்கள். ரொறன்ரோவில் பொதுப் பூங்கா ஒன்றில் அமைந்த முதல் சமூகப் பழத்தோட்டம் பென் நோபிள்மன் பூங்காவில் 2009இல் தொடங்கியது. அதைப் பார்ப்பது தொண்டர்கள். பழமரம் நட்ட அன்று எல்லாரும் படம் எடுப்பார்கள். பிறகு முதல் இரண்டு மூன்று கோடைக்குக் கிழமை தவறாமல் தண்ணீர் ஊற்ற வேணும். குளிர் முடிகிற நேரம் கவ்வாத்து. விழுந்த பழத்தைப் பொறுக்காவிட்டால் குளவி வரும், பிறகு அயலவர் முறைப்பாடு வரும். "ஆர் பாக்கிறது?" என்று கேட்கிற அதிகாரியை நான் திட்டமாட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் நாங்கள்தான் சொல்ல வேணும்.

ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணித்தியாலம் சமூக சேவை வேணும். அதைக் கதிரை அடுக்கியும் கையெழுத்து வாங்கியும் முடித்தவர்கள் எத்தனை பேர்! அந்த மணித்தியாலங்களை யூலையிலும் ஓகஸ்டிலும் ஒரு தோட்டத்துக்குக் கொடுங்கள். பள்ளியில் முதலே கேளுங்கள், தோட்டக்காரரிடம் கடிதம் வாங்குங்கள். பத்துப் பேர் பெயர் எழுதித் தந்தால் நகரசபை உறுப்பினரிடம் இடம் கேட்க நான் வருகிறேன். அப்பம்மாவையும் கூட்டி வாங்கோ. எந்த விதையை எப்ப போடுறது என்று அவவுக்குத்தான் தெரியும்.