கடதாசித் தாங்கிக்கு ஏன் இவ்வளவு பயம்?



மூன்று நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு போட்டோ சுற்றுகிறது. எங்கள் தரம் 8 பிள்ளைகள் பிரிஸ்டல் போர்டில் செய்த யுத்தத் தாங்கி. கீழே வந்த கருத்துகள்: "ஸ்கூல்ல யுத்தம் படிப்பிக்கிறாங்க." "பாடம் முடிக்க நேரமில்ல, இதுக்கு நேரமிருக்கு." "நாளைக்கு ஆராவது இதத் தூக்கிப் போட்டா நம்ம ஊருக்குத்தான் பேரு."

கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது என்ன வாகனம் என்று ஒருவரும் கேட்கவில்லையே? அதன் பெயர் லிட்டில் வில்லி. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில், விவசாய இயந்திரம் செய்துகொண்டிருந்த வில்லியம் ஃபோஸ்டர் கம்பனியில் கட்டிய பரீட்சார்த்த வண்டி. ஒரு நாளும் போருக்குப் போகவில்லை. இன்றைக்கும் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் சும்மா நிற்கிறது.

அதன் கதை முழுக்கச் சறுக்கல்தான். சிக்காகோவிலிருந்து எடுப்பித்த சங்கிலிப் பட்டி தொய்ந்தது, சில்லை விட்டுக் கழன்றது. ட்ரிட்டன், வில்சன் என்ற இரண்டு பொறியியலாளர்கள் அதைத் தள்ளிவிட்டு, இரும்புத் தகட்டால் புதுப் பட்டி ஒன்றை அமைத்தார்கள். பட்டி சரிவந்தது, வண்டி சரிவரவில்லை. அகலமான பதுங்குகுழியைத் தாண்ட அதற்கு நீளம் போதாது. அது ஓடி முடிவதற்குள்ளேயே, பட்டி உடம்பைச் சுற்றி ஓடும் சாய்சதுரம் போன்ற வேறொரு வண்டியை வரைந்துவிட்டார்கள். "மதர்" என்று பெயர் வைத்த அந்த வண்டி 1916 தொடக்கத்தில் ஓடியது.

எங்கள் பிள்ளைகள் செய்தது ஐம்பதில் ஒரு பங்கு அளவில். உண்மையான வண்டி ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரம், கடதாசியில் ஐந்து சென்ரிமீற்றர். விகிதம் என்ற பாடத்தை நான் கரும்பலகையில் இரண்டு கிழமை கத்தியிருக்கிறேன். "சேர், சில்லு பெரிசாப் போச்சு, எத்தினயால பிரிக்கணும்?" என்று ஒரு பிள்ளை தானாக எழும்பி வந்து கேட்டது இந்த வேலையில்தான். மை தீர்ந்த பேனையால் கோடு அழுத்தி மடிப்பது, கம் பூச ஓரம் விட்டு வெட்டுவது, பின்பக்கம் பேனை முனையால் குத்தி முன்பக்கம் ஆணித் தலை எழுப்புவது, எல்லாம் அவர்கள் கண்டுபிடித்தவை. முதல் செய்த கடதாசிப் பட்டி தொய்ந்து கழன்று விழுந்தது. 1915இல் லிங்கனிலும் அதுதான் நடந்தது என்று சொன்னபோது அந்த மேசையில் எழும்பிய சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். செலவு? சில பிரிஸ்டல் போர்ட், ஒரு போத்தல் கம். நேரம்? பாடசாலை விட்ட பிறகு, என்னுடைய நேரம்.

இன்னொன்று. இரகசியம் வெளியே போகாமலிருக்க, இது தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி, மெசொப்பொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக் பக்கம், அனுப்புவதற்கு என்று கதை கட்டினார்கள். டாங்க் என்ற பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். நாங்களும் வீட்டுக் கூரையில் இருப்பதைத் தண்ணீர்த் தாங்கி என்கிறோம், இதை யுத்தத் தாங்கி என்கிறோம். அந்தப் பொய் நம் தமிழிலும் குந்திக்கொண்டிருக்கிறது. இதை ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் அது யுத்தம் படித்ததா, வரலாறு படித்ததா?

"பலஸ்தீனத்தில் பிள்ளைகள் மேல் தாங்கி ஏறுகிறது, நீங்கள் அதை அழகு பார்க்கிறீர்கள்" என்று எழுதிய சகோதரருக்கு: உங்கள் வேதனை எனக்கும் உண்டு. அழகு பார்க்கவில்லை. 1916 செப்டம்பர் 15இல் முதன்முதல் போருக்குப் போன தாங்கிகளுக்குள் எட்டெட்டுப் பேர் இருந்தார்கள். இஞ்சின் அவர்களுக்கு நடுவில், சூடும் புகையும் அவர்களுக்கு மேல். எங்கள் பிள்ளைகள் இதையும் படித்தார்கள். எட்டுப் பேரையும் கடதாசியில் வெட்டி உள்ளே வைத்துப் பார்க்க ஒரு மகள் முயன்றாள். இடம் காணாது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். சினிமாவில் தாங்கி பார்க்கும் பிள்ளைக்கு அந்த மௌனம் வராது.

அது சரி, பெருநாள் காசில் பிளாஸ்டிக் துவக்கு வாங்கிக் கொடுப்பது யார்? இரண்டு பெருநாளைக்கும் நம் ஒழுங்கைகளில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் சுட்டு விளையாடுகிறார்கள். குண்டு கண்ணில் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வாப்பாமாரும் இருக்கிறார்கள். அதற்கு ஒரு குழுவிலும் ஒரு வொய்ஸ் வரவில்லை. பிள்ளை கத்தரிக்கோல் பிடித்து அளந்து செய்தால் மட்டும் ஊர் கலங்குகிறது.

இனி உண்மையான பயத்துக்கு வருவோம். மற்றக் காரணம் எல்லாம் அதற்குப் போர்த்திய துணி. 2019க்குப் பிறகு அரபு எழுத்துள்ள புத்தகத்தையே ஒளித்து வைத்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் பொய்யில்லை, அதைப் பரிகசிக்க மாட்டேன். ஆனால் அடுத்த ஊர்ப் பாடசாலை செய்தால் கண்காட்சி, நம் பிள்ளை செய்தால் சந்தேகம் என்ற கணக்கை முதலில் போட்டது வெளியார் இல்லை, நம் குழுவில் இருப்பவர்கள். போட்டோவுக்கு அந்தத் தலைப்பைப் போட்டதும் நம் ஆட்களே. ஒளித்தால்தான் சந்தேகம் வரும்.

ஆகவே ஒளிக்கவில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் பெயர், ஆண்டு, அளவு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம். பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்கும் அழைப்புப் போகிறது. அடுத்தது "மதர்". சாய்சதுரம் வரைய வேண்டும், பரப்பளவு கணிக்க வேண்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு விஞ்ஞான அறையில் தொடங்குகிறோம். வொய்ஸ் அனுப்பிய வாப்பாமார் கட்டாயம் வாருங்கள். வரும்போது வீட்டில் உள்ள கத்தரிக்கோலையும் கொண்டு வாருங்கள், எங்களிடம் நாலுதான் இருக்கிறது.